பதினேழாம் படத்தில் ஒரு கோடு

அந்தச் செவ்வாய்க்கிழமை, குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கோத்தகிரி பஸ் கிளம்பக் காத்திருந்தபோது போட்டோ லேப்பில் கொடுத்த பாக்கெட்டைப் பிரித்தேன். முதல் பிரிண்டில் ஏதோ முடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து விரலால் தட்டினேன். போகவில்லை. சட்டை முனையால் துடைத்தேன். அப்போதும் போகவில்லை. அடுத்த பிரிண்டிலும் அதே இடத்தில் அது இருந்தது. முப்பத்தாறிலும் இருந்தது. படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

அவை எங்கள் தொழிற்சாலையின் டிரையர்காரர் வீட்டுக் கல்யாணப் படங்கள். கோத்தகிரிக்குப் பக்கத்தில், சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தேயிலையாக்கும் தொழிற்சாலை எங்களுடையது. நான் அங்கே கிளார்க். அவர் இலையை உலர்த்தும் டிரையர் மெஷினைப் பார்த்துக்கொள்பவர். இளவயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர். தேயிலை விலை விழுந்த இரண்டாவது வருஷம் அது. வாரத்தில் மூன்று நாள்தான் மெஷின் ஓடும். கல்யாணத்தை முருகன் கோயிலில் சிக்கனமாக முடித்துக்கொள்ள அவர் முடிவு செய்தபோது, யாரும் கேட்காமலேயே நான் போய்ச் சொன்னேன்: "ஸ்டுடியோக்காரனெல்லாம் எதுக்குங்க? நான் எடுக்கறேன்."

அதைச் சொன்ன நாளையும் என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். பெருமையாக இருந்ததால் குறித்தேன்.

மொத்தம் இரண்டு ரோல். முதல் ரோலில் முந்தின நாள் சாயங்காலமும், மறுநாள் காலையில் மாப்பிள்ளையை அழைத்து வந்ததும். இரண்டாவது ரோலில் முகூர்த்தமும் அதற்குப் பிறகும். அதில் முப்பத்தொன்று எடுத்திருந்தேன். மறுவீட்டுக்கு வரும்போது பெண்ணையும் மாப்பிள்ளையையும் எடுக்கலாம் என்று ஐந்து படத்தை மிச்சம் வைத்து, ரோலைக் கேமராவுக்குள்ளேயே விட்டிருந்தேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் திருப்பூருக்குக் குடிபோவதாக இருந்தது. மாப்பிள்ளை அங்கே பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். தாலி கட்டியதை வேறு யாரும் படம் எடுக்கவில்லை. உலகத்தில் அது இருந்த ஒரே இடம் என் கேமராவின் வயிறு.

பஸ் கட்டபெட்டு தாண்டுவதற்குள் எனக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டது. நெகடிவ்களை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். படத்துக்கும் படத்துக்கும் நடுவே உள்ள வெற்று இடைவெளியிலும் கோடு நிற்காமல் ஓடியிருந்தது. கேமராவில் படம் விழுவது ஒரு சின்னச் சன்னல் வழியாக. கேமராவில் கோளாறு என்றால் படம் விழுந்த இடத்தில்தானே கோடு இருக்கவேண்டும்? இடைவெளியிலும் இருக்கிறது என்றால் ரோலை முழுசாக இழுத்துக் கழுவும் லேப் மெஷின்தான் கீறியிருக்கிறது. இப்படி யோசித்து, கேமராவை விடுதலை செய்தேன். மறுபடி ஒரு முறை யோசித்திருந்தால் அதிலுள்ள ஓட்டை தெரிந்திருக்கும். ஆனால் மனசுக்கு வேண்டிய பதில் முதலிலேயே கிடைத்துவிட்டால் இரண்டாம் முறை யார் யோசிக்கிறார்கள்?

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் டிரையர்காரர் ஓடி வந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பிரிண்டை ஓரத்தில் மட்டும் பிடித்துப் பார்த்தார். மகள் நலங்குக்கு உட்கார்ந்திருக்கும் படம். கோடு அவள் கழுத்தில் ஓடியது.

"என்னங்கய்யா இது, புள்ள கழுத்துல?"

"லேப்புல கீறிட்டாங்க. மெஷின் கோளாறு."

"தாலி கட்டுனது?"

"அது இன்னும் கேமராவுலதான் இருக்கு. அதை வேற லேப்புல, கோயமுத்தூர்ல குடுத்துக்கலாம்."

அவர் முகம் தெளிந்தது. "நல்ல வேளைங்கய்யா. கட்டையில போற லேப்பு. மத்தியானத்துக்குள்ள லயம் பூரா சொல்லிப்புடறேன், ஒருத்தனும் அங்க போகக்கூடாது" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். தொழிலாளர் வீட்டு வரிசை முழுக்கச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை மெஷின் ஓடாத நாள். காலை ஏழு மணிக்கே வெயில் வந்ததால் நெகடிவ்களை எடுத்துக்கொண்டு வீட்டு ஜன்னலில் நின்றேன். இலையின் ஓரம் பார்க்கத் தொழிற்சாலையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடி கையில் இருந்தது. பிறகுதான் அது கண்ணில் பட்டது. நான் ஒரு கோடு என்று நினைத்தது ஒரு கோடு அல்ல. இரண்டு. ஊட்டி ரயில் தண்டவாளம் போல, ஒன்றையொன்று தொடாமல், மிக நெருக்கமாகக் கூடவே போயின. சில இடத்தில் அகன்றன, சில இடத்தில் இன்னும் நெருங்கின.

லேப் மெஷினில் ஃபிலிம் ஒரே ஒரு முறை, ஒரே திசையில் போகும். இரண்டு முறை போவது கேமராவில். படம் எடுக்க எடுக்க ஒரு முறை முன்னால் போகிறது. ரோல் முடிந்ததும் டப்பாவுக்குள் திரும்பச் சுற்றும்போது இன்னொரு முறை பின்னால் வருகிறது. திரும்பும்போது ஒரு மயிரிழை விலகி வந்தால் இரண்டு கோடு. இடைவெளியில் ஏன் கோடு இருக்கிறது என்பதும் உடனே புரிந்தது. நகர்ந்து வரும் ஃபிலிமில் இடைவெளியும் கூடத்தானே நகர்கிறது! எட்டாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான்.

"ஏனுங்க, விடிஞ்சதுல இருந்து அந்த ஜன்னலை அடைச்சுட்டு நிக்கறீங்க. ஊட்டுக்குள்ள வெளிச்சமே வரல" என்றாள் மனைவி. "கல்லுப் பொறுக்கறதுக்கு எனக்குக் கண்ணு தெரியோணுமா வேண்டாமா?"

"கோடு ரெண்டா இருக்கு."

"நேத்து ஒண்ணுன்னீங்க."

"இன்னிக்கி ரெண்டு."

"நாளைக்கும் அங்கயே நின்னீங்கன்னா மூணாயிரும். தள்ளுங்க."

தள்ளி, சமையலறைப் படியில் உட்கார்ந்தேன். என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுவேன்: எண், மணி, வெளிச்சம், கேமராவைப் படுக்கையாகப் பிடித்தேனா நெட்டாகப் பிடித்தேனா. இரண்டாவது ரோலின் பக்கத்தைப் புரட்டினேன். பதினேழு: தாலி. ஏழு மணி நாற்பத்திரண்டு. நெட்டு.

முதல் ரோலில் நெட்டாக எடுத்த படங்கள் ஆறு. அவற்றில் கோடு மேலிருந்து கீழாக, இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கில் விழுந்திருந்தது. பதினேழாம் படத்தில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தது பெண். மாப்பிள்ளை கையை நீட்டிக் குனிந்தபோது அவள் தலையை லேசாக நிமிர்த்தினாள். சட்டத்துக்குள் அவள் முகம் எங்கே இருந்தது என்று கண்ணை மூடிப் பார்த்தேன். நோட்டில் ஒரு கட்டம் போட்டு, மூன்றாகப் பிரித்து, நினைவிலிருந்து இரண்டு தலைகளை வரைந்தேன். நான்கு முறை வரைந்தேன். நான்கு முறையும் கோடு அவள் நெற்றியில் இறங்கி மூக்கு வழியாகப் போயிற்று.

கேமராவைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வீணாய்ப் போன பழைய ரோல் ஒன்றை அதில் ஓட்டி, வெளியே எடுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் கீறுகிறதா இல்லையா தெரிந்துவிடும். ஆனால் கேமராவுக்குள் கல்யாணம் இருந்தது. அதை எடுக்காமல் சோதிக்க முடியாது. எடுக்க வேண்டுமென்றால் திரும்பச் சுற்ற வேண்டும். சுற்றினால் அது இரண்டாவது முறை கீறும். முன்னால் போனதில் ஒரு கோடு ஏற்கெனவே விழுந்திருக்கும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது கோடு என் கையால் விழவேண்டுமா என்பதுதான் மிச்சம். அன்று முழுக்கக் கேமராவைத் தொடவில்லை. அலமாரியைத் திறந்து, அது அங்கே இருக்கிறதா என்று மட்டும் இரண்டு முறை பார்த்தேன்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் குன்னூர் போனேன். மழை. கேமராவை ஸ்வெட்டருக்குள் வைத்து, மேலே கோட்டுப் பட்டனைப் போட்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் வயிற்றைப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

லேப்பில் மெஷினை ஓட்டுவது ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கலாம். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடக் குரூப் போட்டோக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினாள்.

"நீங்கதானே கோத்தகிரி சார்? முந்தாநேத்து சாயங்காலத்துல இருந்து மூணு போன். உங்க தொழிற்சாலைல இருந்து. என் மெஷின் கீறுதாம். கீறுச்சுன்னா குன்னூர்ல பாதிக் கல்யாணத்துல கோடு விழுந்திருக்கோணும். விழுந்துச்சா?"

"இல்லீங்க அம்மணி. அதைப் பத்தித்தான்..."

"இருங்க." உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து மேஜையில் கவிழ்த்தாள். ரோல்களின் முனையிலிருந்து வெட்டி எறிந்த ஃபிலிம் துண்டுகள். "உங்க நெகடிவ்ல கடைசிப் பட்டையக் குடுங்க."

கொடுத்தேன். வெட்டுவாயின் சாய்வைப் பார்த்துத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். ஏழாவதோ எட்டாவதோ சரியாகச் சேர்ந்தது. இரண்டையும் ட்யூப் லைட்டுக்குக் கீழே சாய்த்து, என் பக்கம் நீட்டினாள்.

கோடுகள் கடைசிப் படத்தைத் தாண்டி, அரை விரல் அகலம் போய், அங்கேயே நின்றுவிட்டிருந்தன. அதற்குப் பிறகு இருந்த ஃபிலிம் சுத்தம். அந்த மிச்சத் துண்டு கேமராவில் டப்பாவை விட்டு வெளியே வராத பகுதி. லேப் மெஷினில் அதுவும் சேர்ந்துதான் போகும். மெஷின் கீறியிருந்தால் நுனிவரை கோடு இருந்திருக்கும்.

"நேத்தே தெரிஞ்சுதுங்க" என்றேன். "ரெண்டு கோடு இருந்துச்சு. என் கேமராதான். மன்னிச்சுக்கோங்க. போன் பண்ணினவங்ககிட்டயும் நானே சொல்லிடறேன்."

சண்டைக்குத் தயாராக நின்றவளுக்கு எதிராளி இல்லாமல் போய்விட்டது. கொஞ்ச நேரம் பெட்டியில் துண்டுகளை அள்ளிப் போட்டாள். பிறகு, "அப்ப இன்னொரு ரோலு?" என்று கேட்டாள்.

சொன்னேன். தாலியிலிருந்து பெண்ணின் முகம் வரை சொன்னேன். நோட்டில் வரைந்த கட்டத்தைக்கூடக் காட்டினேன். அவள் நெகடிவ்வை மறுபடி எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மினுமினுன்னு இருக்கற பக்கம்தான் கீறியிருக்கு, சார். மங்கலான பக்கத்துல மருந்து இருக்கு. அங்க கீறுச்சுன்னா படமே பேந்து போயிரும், பிரிண்டுல கறுப்பாத் தெரியும். உங்களுக்கு வெள்ளையாத்தானே இருக்கு? அப்ப பின்பக்கம். பின்பக்கத்தைத் தொடறது கேமராப் பின்மூடியோட உள்பக்கம் இருக்கற கறுப்புத் தகடு ஒண்ணுதான். திரும்பச் சுத்தாதீங்க. தகடு ஃபிலிமை விட்டு விலகியிருக்கோணும். பைக்குள்ள வெச்சு மூடியத் தொறந்துட்டுச் சுத்துங்க."

பை என்றது வெளிச்சம் புகாத கறுப்புத் துணிப் பை. கை நுழைக்க இரண்டு குழாய், அவற்றின் வாயில் எலாஸ்டிக். கேமராவை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தாள். ஜிப்புக்கு மேல் இன்னொரு ஜிப். நான் முழங்கை வரை கையை விட்டேன்.

"ரெண்டு ஜிப்பும் மூடியிருக்கா?" என்று கேட்டேன்.

"மூடியிருக்கு."

"இன்னொருக்கா பாருங்க."

"சார், நீங்க கண்ணை மூடிக்கங்க. உங்களுக்குத்தான் வெளிச்சம் கூடாது."

மூடியைத் திறக்கும் அந்த 'க்ளிக்' என் வாழ்க்கையில் கேட்ட பெரிய சத்தங்களில் ஒன்று. விரல் நுனியில் ஃபிலிமின் முதுகு தட்டுப்பட்டது. குளிர்ந்து, வழவழவென்று, விறைப்பாக இருந்தது. அதன்மேல் நகம் படக்கூடாது. அடியில் இருக்கும் பட்டனை அமுக்கி, சுற்றும் கைப்பிடியை மெல்லத் திருப்பினேன். வியர்வையில் விரல் வழுக்கியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஃபிலிம் ஓர் இழுவை கொடுத்து நகர்ந்தது. முப்பத்தொன்று, முப்பது என்று மனசுக்குள் பின்னோக்கி எண்ண முயன்றேன். பதினேழு எப்போது போயிற்று என்று தெரியவில்லை. கடைசியில் இழுவை அறுந்து, கைப்பிடி சும்மா சுழன்றது. அதற்கப்புறமும் பத்துச் சுற்று சுற்றினேன்.

"போதும் சார், அறுத்தெறிஞ்சுருவீங்க" என்றாள்.

ரோலை அவள் மெஷினில் ஏற்றியதும் எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. காலிக் கேமராவைப் பையிலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். கறுப்புத் தகட்டின் இடது ஓரத்தில், கடுகில் பாதி இருக்கும், ஒரு புள்ளி ஒட்டியிருந்தது. கைக்குட்டை முனையை நாக்கில் நனைத்து அதன்மேல் வைத்து அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் துணியில் செம்பழுப்பாக ஒரு கறை பரவியிருந்தது. எங்கள் தொழிற்சாலையில் தினமும் பத்துக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்க்கும் நிறம். தேயிலைச் சாயம்.

இதை எப்படி எழுதுவது என்று பல வருஷம் தயங்கியிருக்கிறேன். ஆனி மாதம் பிறந்தால் எங்கள் மலையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தை உறிஞ்சும் மருந்துப் பொட்டலம் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. டிரையரிலிருந்து இறங்கும் தேயிலையைப் போல ஈரத்துக்கு ஏங்கும் பொருள் வேறு இல்லை. அரைநாள் திறந்து கிடந்தாலே காற்றைக் குடித்துப் பதமிழந்துவிடும். அந்த வருஷம் விற்காத தூள் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஆகவே பிஸ்கட் டின் ஒன்றில், மல் துணியில் சூடான தேயிலையை முடிந்து அடியில் போட்டு, அதன்மேல் கேமராவை வைத்து மூடி, படம் எடுக்கப் போகிற இடமெல்லாம் டின்னோடு பஸ்ஸில் எடுத்துப் போனேன். லென்ஸில் பூஞ்சை பிடிக்கவில்லை. பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்து, தொழிற்சாலைக் கணக்கப்பிள்ளையின் ரேடியோவுக்கும் அதே வைத்தியம் சொன்னேன். மல் துணியின் கண் வழியாகத் தூள் உதிரும் என்பதோ, ரோல் மாற்றத் திறக்கும்போது அது உள்ளே போகும் என்பதோ, ஈரம் பட்டால் கோந்து மாதிரி ஒட்டி இறுகும் என்பதோ எனக்குத் தோன்றவில்லை. தேயிலையோடு இத்தனை வருஷம் பிழைத்தவனுக்கு!

இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் டிரையர் வாயிலிருந்து ஒரு கரண்டி எடுத்து என் துணியில் முடிந்து கொடுத்தவர் பெண்ணின் அப்பாதான்.

ஒரு மணி நேரம் கழித்து நெகடிவ் வந்தது. கோடு இருந்தது. ஒன்றே ஒன்று, மெல்லியதாக. பதினேழைத் தேடினேன். நான் வரைந்த மாதிரியே, முகத்தின் மேலேதான்.

"சார், உங்க மூக்குல எண்ணெய் இருக்கா?" என்றாள் அவள்.

"என்னது?"

"மூக்கு ஓரத்துல விரலைத் தேய்ங்க. அந்தப் பிசுக்கை மினுமினுப்புப் பக்கம் கோட்டு மேல தடவுனா பள்ளம் ரொம்பிரும். பிரிண்டுல தெரியாது. என் மூக்கு காலைல இருந்து ஏசியில காஞ்சு போச்சு."

முந்தின ராத்திரி முழுக்கத் தூங்காத மூக்கில் எண்ணெய்க்குக் குறைவில்லை. அவள் சொன்னபடி தடவினேன். அவள் மிச்சத்தைத் துடைத்து, மெஷினில் வைத்து, ஒரு பிரிண்ட் போட்டாள். முகம் முழுசாக இருந்தது. புருவத்துக்கு மேலே மட்டும், தெரிந்து தேடினால், ஒரு நூலிழை. "காஞ்சா திரும்பத் தெரியும் சார். வேண்டியதை எல்லாம் இப்பவே போட்டுக்கங்க" என்றாள். முதல் ரோலில் ஆழமான இரண்டு கோடு. அதில் இந்த வைத்தியம் பாதிக்குமேல் பலிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டிரையர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் இரைச்சலில் கத்திச் சொல்லவேண்டியிருந்ததால் சல்லடைக்காரர்களும் கேட்டார்கள். அவர் பிரிண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூளா? யாரு குடுத்த தூளுங்கய்யா?"

"நீங்க குடுத்ததுதான்."

அவர் நிமிர்ந்தார். "நா குடுத்தது எலை. நல்ல முறுக்கு எலை. தூளு இல்ல. எலையத் துணியில கட்டி, பஸ்ஸு பஸ்ஸாக் குலுக்கித் தூளாக்குனது கிளாக்கரய்யா."

சல்லடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த லேப்புப் புள்ளய லயம் பூரா பேசிப்புட்டேனே" என்றார். அன்று மத்தியானமே ஆபீஸ் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டு, என் பெயரைச் சொல்லியே விஷயத்தைத் திருத்தினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து லெட்ஜரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போனை வைத்துவிட்டு, "எம் புள்ளகிட்ட நீங்களே சொல்லிருங்க. நாளைக்கு எவனாச்சும் கண்டுபுடிச்சு, கல்யாணப் படத்துல கோடுன்னு பேசக்கூடாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஒரு குக்கர், காலடியில் பெட்டி. ஜன்னல் வழியாகப் படங்களைக் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினேழுக்கு வந்தாள். அவள் படத்தைக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், மாப்பிள்ளையிடம் காட்டினாள்.

"ஏன்ங்கய்யா நா இப்புடி முழிக்கிறேன்? பேயறைஞ்ச மாதிரி" என்றாள்.

அவ்வளவுதான். அவள் வேறொன்றையும் பார்க்கவில்லை. அங்கேயே விட்டிருக்கலாம். பின்னால் அவளுடைய அப்பா நின்றிருந்தார். நான் சொன்னேன்: முகத்தின்மேல் ஒரு கோடு இருக்கிறது, என் தவறுதான், மறைத்துப் போட்டிருக்கிறோம்.

"எங்க?"

"சட்டுன்னு தெரியாது. உத்துப் பாத்தாத்தான்."

"எங்கங்கய்யா? ஒண்ணும் இல்லியே."

மாப்பிள்ளையும் வாங்கிப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை. நான் ஜன்னலுக்குள் கையை நீட்டி, படத்தை வெயிலில் சாய்த்து, அவள் புருவத்துக்கு மேலே நகத்தால் காட்டினேன்.

"ஆமா" என்றாள் அவள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். நேராக்கினாள். மறுபடி சாய்த்தாள். "இப்ப அது மட்டுந்தான் தெரியுது."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தபோதும் அவள் தலை குனிந்தே இருந்தது. அப்பா கையை ஆட்டியதை அவள் பார்க்கவில்லை.